மேலே போன பிறகு முடிவெடுக்காதீர்கள்: பிள்ளைகளோடு மலையேறப்போகும் டீச்சருக்கு

டீச்சர், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். போடி பக்கத்து மேல்நிலைப் பள்ளி. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேர், அதில் பெண்பிள்ளைகள் 15. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, மூணாறு பக்கம் தமிழ்நாடு-கேரள எல்லை முகட்டில் இருக்கும் டாப் ஸ்டேஷன் பக்கம் ஒருநாள் மலைநடை. உங்களைச் சேர்த்து ஆசிரியர்கள் மூன்று பேர், கூட வழிகாட்டி ஒருவர். "மேலே போன பிறகு மழையோ மூடுபனியோ பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மூணாறு மலையில் எஸ்டேட் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அம்மா இடுப்பில் படுதா கட்டி, தலையில் மழை மறைப்புக்குக் கொங்காணி போட்டு மழையிலேயே கொழுந்து கிள்ளியவர். பிறகு கீழே வந்து ஆசிரியர் வேலை. பள்ளி இயற்கைக் கழகத்துப் பிள்ளைகளை 19 வருடம் இந்த எல்லை மலைகளில் கூட்டிப் போயிருக்கிறேன். ஒருமுறை பெரிய தப்பும் செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

பதினைந்து வருடம் இருக்கும். நவம்பர் மாதம், 24 பிள்ளைகள், சூரியநெல்லிப் பக்கத்துப் புல்மேடு. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. "மேலே போய்ப் பார்த்துக்கலாம்" என்ற ஒரே எண்ணம். பன்னிரண்டரை மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தது, அடுத்த பத்து நிமிடத்தில் மஞ்சு, அதாவது மூடுபனி, மூடி மறைந்துபோனது. "சார், இன்னும் கொஞ்சம்தான் சார்" என்றார்கள் பிள்ளைகள். எனக்கும் ஆசை இருந்தது. அதுவரை கஷ்டப்பட்டு ஏறி வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றரை மணிக்கு உச்சியில் நின்றோம். நாலு பக்கமும் வெள்ளை. கேரளப் பக்கமிருந்து சாரலோடு காற்று அடித்துக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு பெண், ஓயாமல் பேசுகிறவள், பாறை ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தாள். கையில் பிஸ்கட் பாக்கெட். ஓரத்து நாடாவைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறாள், விரல் பிடிமானம் கொடுக்கவில்லை. பல்லால் கடித்தாள், கிழியவில்லை. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னம்மா, சாப்பிடலையா?" என்றேன். "ம்" என்றாள். ரோல் நம்பர் கேட்டேன், தப்பாகச் சொன்னாள். போட்டிருந்த பருத்திச் சுடிதார் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. நடுக்கம் இல்லை. நடுங்கவில்லையே, பரவாயில்லை என்று முதலில் நினைத்தேன். எவ்வளவு தப்பான நினைப்பு அது என்று எங்கள் வழிகாட்டி அண்ணன் அவள் கையைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் முகத்தைச் சுளித்ததில்தான் தெரிந்தது.

உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்து. அதற்குப் பனிமலை வேண்டியதில்லை. பத்து, பன்னிரண்டு டிகிரிக் குளிரும், நனைந்த துணியும், விடாத காற்றும், காலி வயிறும் சேர்ந்தால் நம் ஊரிலேயே வரும். முதலில் நடுக்கம். அடுத்து கை நழுவும், கால் தடுமாறும், பேச்சு குழறும், பிள்ளை தன்னைக் கவனிப்பதையே விட்டுவிடும். உடம்பு சூடாகாமலேயே நடுக்கம் நின்றுபோனால், சூடு உண்டாக்கும் சக்தி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

அன்று செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும். காற்று படாத பாறை மறைவுக்குத் தூக்கிப் போனோம். கூட வந்த டீச்சரும் இரண்டு பெண்பிள்ளைகளும் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, ஈரத்துணியைக் கழற்றி உலர்ந்த ஸ்வெட்டரும் வழிகாட்டியின் மாற்று லுங்கியும் சுற்றினார்கள். தரையின் குளிர் ஏறாமலிருக்க நாலு பைகளைப் போட்டு அதன்மேல் உட்காரவைத்தோம். தலையிலும் கழுத்திலும் துண்டு. நன்றாக விழுங்குகிறாள் என்று பார்த்தபிறகு, பிளாஸ்கிலிருந்த இனிப்பு டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கைகால்களைத் தேய்த்துவிடத்தான் யாருக்கும் தோன்றும், அதைச் செய்யக் கூடாது. கைகாலில் நிற்கிற குளிர்ந்த ரத்தம் சட்டென்று நெஞ்சுப் பக்கம் திரும்பினால் இதயத்துக்குக் கெடுதல். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம். இரண்டு பிள்ளைகள் இரு பக்கமும் அணைத்தபடி உட்கார்ந்தாலே போதும். நாற்பது நிமிடம் கழித்து அவளுக்கு நடுக்கம் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு நடுக்கத்தை நான் பார்த்ததில்லை. "என் பிஸ்கட்டை யார் எடுத்தது?" என்று அவள் கேட்டபோது அந்த டீச்சர் அழுதுவிட்டார்.

மூன்று டார்ச்சை வைத்துக்கொண்டு இருட்டில் இறங்கினோம். கடைசிப் பிள்ளை ஜீப் ரோட்டைத் தொட்டபோது மணி ஏழேகால். பெற்றோர் சிலர் வண்டி பிடித்து அங்கேயே வந்து நின்றிருந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பிள்ளை வந்துருச்சு, போதும் சார்" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதனால்தான் உங்கள் கேள்விக்கு என் பதில் முதல்நாள் அடிவாரத்திலிருந்து தொடங்குகிறது. மேலே நிற்கும்போது உங்களுக்கும் குளிரும், பசிக்கும், முன்னே உச்சி தெரியும், பின்னே 28 முகங்கள். அந்த நேரத்து மனம் சரியாக யோசிக்காது. எந்த நேரத்தில் திரும்புவது, எதைக் கண்டால் திரும்புவது, திரும்பலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் கீழே, வயிறு நிறைந்து, உலர்ந்த துணியோடு இருக்கும்போது தாளில் எழுதிவிடுங்கள். எழுதியதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் படித்துக் காட்டுங்கள். அப்புறம் மேலே நீங்கள் புதிதாக எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. எழுதியதை நிறைவேற்றினால் போதும். பிள்ளைகளும் அதை உங்கள் கோபமாகவோ பயமாகவோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்னது: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் நடை, 900 மீட்டர் ஏற்றம் என்று வையுங்கள். கிட்டத்தட்ட மூன்று மணி ஆறு நிமிடம் வரும். ஆனால் அது பழகிய பெரியவர்கள் நிற்காமல் நடக்கும் வேகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் பாதியைக் கூட்டுவது என் வழக்கம், ஆக நாலே முக்கால் மணி நேரம். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பதினொன்றே காலுக்குப் போய்ச் சேரலாம். இறங்க மூன்றரை மணி நேரம். அப்படியானால் திரும்பும் நேரம் பகல் 12. உச்சிக்கு நூறடி கீழே நின்றாலும் 12 மணி 12 மணிதான். அக்டோபரில் சூரியன் ஆறு மணிவாக்கில் மறையும் என்பது சமவெளிக் கணக்கு. பள்ளத்தாக்குக்குள்ளும் சோலைக்குள்ளும் ஐந்தே காலுக்கே கண் தெரியாமல் போகும்.

அடுத்தது வானிலை. எல்லைக்காரர்கள் நிறைய ஏமாறுவது இதில்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மூணாறு பக்கம் கொட்டிவிட்டு, மலை தாண்டிப் போடிக்கு வெறும் காற்றாக இறங்கும். போடியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், நிமிர்ந்து பார்த்தால் மலைத்தலையில் மேகம் குந்தியிருக்கும். அந்த மேகத்துக்குள் நடக்கப்போகிறவர் தேனி மாவட்டத்து முன்னறிவிப்பை மட்டும் பார்த்தால் எப்படி? இடுக்கி மாவட்டத்து அறிவிப்பையும் பாருங்கள், இரண்டில் எது மோசமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையின் நிறம் மஞ்சள் என்றால் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஆரஞ்சு என்றால் 115.6-க்கு மேல், சிவப்பு 204.4-ஐத் தாண்டுவது. இடுக்கிக்கு ஆரஞ்சு வந்தால் பேருந்துக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் சரி, பயணம் ரத்து. மஞ்சள் என்றால் உச்சிக்குப் போகாமல், கீழ்ப்பாதியில் முடியும் நடையாக மாற்றுங்கள்.

நீங்கள் குறித்திருப்பது ஐப்பசிக்கு முந்தின வாரம். கேரளத்தார் துலாவர்ஷம் என்று சொல்லும் மழை தொடங்கும் சமயம். அதன் குணம் வேறு. காலையில் வானம் கழுவிவிட்டது போல இருக்கும், பதினோரு மணிக்கு மேகம் குவியத் தொடங்கும், பிற்பகலில் இடி. கேரளத்தில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 வரை மின்னலுக்குப் பயந்து திறந்த வெளியில் நிற்காதீர்கள் என்று பேரிடர் மேலாண்மைக்காரர்கள் சொல்வது இந்த மழையையும் கோடை மழையையும் மனதில் வைத்துத்தான். புல்மேட்டில் உங்கள் பிள்ளைகளைவிட உயரமான பொருள் எதுவும் இருக்காது. மின்னல் வெட்டியதிலிருந்து இடிச்சத்தம் கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று தெரியும். முப்பது நொடிக்குள் சத்தம் வந்தால் உச்சியையும் முகட்டையும் விட்டு உடனே இறங்குங்கள். தனிமரத்தடி, கம்பிவேலி, பாறைப் பொந்தின் வாய் மூன்றும் வேண்டாம். கூட்டமாகக் கட்டிப்பிடித்து நிற்கவும் கூடாது, ஒரே அடியில் எல்லோருக்கும் பாய்ந்துவிடும். விலகி விலகி, ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்படி இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை மறுபடி ஏறாதீர்கள்.

குளிருக்கு ஒரு எளிய கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். போடி ஊர் 350 மீட்டர் அளவில் இருக்கிறது, டாப் ஸ்டேஷன் 1,700-க்கும் மேல். பள்ளியில் 30 டிகிரியில் கிளம்பும் பிள்ளை அங்கே 21-ல் நிற்கும். அது உலர்ந்த, காற்றில்லாத நாளின் கணக்கு. நனைந்து காற்றில் நின்றால் உடம்பு அதைப் பாதியாக உணரும். அதனால் ஜீன்ஸ் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நனைந்தால் கல்லாகக் கனக்கும், காயவே காயாது. சட்டைக்கு மேல் ஒரு கம்பளி ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிய ஒரு மாற்று உடை. மழைக்கோட்டு வாங்க முடியாத பிள்ளைகள் இருப்பார்கள், கேட்டால் சொல்ல மாட்டார்கள். பள்ளிச் செலவில் பத்து கோட்டு வாங்கி வைத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் கொடுங்கள். கிளம்பும்போது பழைய கம்பளி இரண்டையும் ஒரு பெரிய தார்ப்பாயையும் வழிகாட்டி பையில் போட்டுவிடுங்கள்.

இனி நடை. வழிகாட்டி முன்னால். அவருக்கு அடுத்து, ரொம்ப மெதுவாக நடக்கும் பிள்ளை. எல்லோரும் அந்தப் பிள்ளையைப் பின்னால் விட்டுவிடுவார்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வு முடிந்து எழுந்திருப்பார்கள். நாள் முழுக்க ஓய்வே கிடைக்காத ஒரே ஆள், மிகவும் களைத்த அந்தப் பிள்ளையாகிவிடும். முன்னால் விட்டால் அவன் வேகமே கூட்டத்தின் வேகம், கூட்டமும் அறுந்துபோகாது. கடைசியில் உங்களில் திடமான ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, ஒதுங்கப் போகிற பிள்ளை உட்பட. 28 பேரையும் ஏழேழு பேராக நாலு குழுவாகப் பிரித்து, வழிகாட்டி உட்படப் பெரியவர் ஒருவரைக் குழுவுக்கு ஒருவராக வையுங்கள். ஒன்று முதல் 28 வரை எண் கொடுங்கள். ஒவ்வொரு ஓடைக்கு அந்தப் பக்கமும் பிள்ளைகளே வரிசையாக எண் சொல்லட்டும். தலை எண்ணுகிற ஆசிரியர் தப்புவார். 17 கேட்கவில்லை என்றால் எந்தப் பிள்ளை இல்லை என்று அந்த நொடியே தெரிந்துவிடும். விசிலுக்கும் ஒரு ஏற்பாடு: ஒருமுறை ஊதினால் நில், இருமுறை என்றால் வா, மும்முறை என்றால் ஆபத்து. கீழேயே பழக்கிவிடுங்கள்.

ஆஸ்துமா, வலிப்பு, தேனீக் கொட்டினால் ஒவ்வாமை, இதயக் கோளாறு, இவற்றைப் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். இன்ஹேலர் பையின் அடியில் போகக் கூடாது, பிள்ளையின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளிடம் மாதவிலக்கு பற்றி நீங்களே முதல்நாள் தனியாகப் பேசிவிடுங்கள். வலியைச் சொல்லக் கூச்சப்பட்டு மலையில் மடங்கி உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அட்டைக்கு ரொம்பப் பயப்படாதீர்கள். காலுறையைப் பேண்ட்டுக்கு மேல் இழுத்துக் கட்டி, உப்பையும் புகையிலைத் தண்ணீரையும் தடவினால் பெரும்பாலும் ஏறாது. கடித்த இடத்தில் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், ரத்தம் உறையவிடாத பொருள் அதன் எச்சிலில் இருப்பதால். அதைப் பார்த்துப் பிள்ளைகள் மிரளாமலிருக்க முன்பே சொல்லிவையுங்கள்.

மூடுபனி இறங்கிவிட்டது. முதலில் செய்ய வேண்டியது நிற்பது. எண் சொல்லச் செய்து, எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, உலர்ந்த உடுப்பை ஈரம் படுமுன் போட்டுக்கொண்டு, கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ சாப்பிடட்டும். இருபது நிமிடத்தில் விலகுகிற மஞ்சும் உண்டு. விலகாவிட்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். வழியைத் தேடி ஒருவரை முன்னால் தனியாக அனுப்பாதீர்கள், அப்புறம் இரண்டு கூட்டத்தைத் தேட வேண்டியிருக்கும். புல்மேட்டில் ஒற்றையடித் தடமும் காட்டுமாட்டுத் தடமும் ஒன்றுபோலவே இருக்கும். ஏறும்போதே முக்கியத் திருப்பங்களில் நின்று, பின்னால் திரும்பி அந்த இடத்தைப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். திரும்பி வரும்போது கண்ணுக்குத் தெரியப்போவது அந்தக் காட்சிதான். கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

"ஓடையைப் பிடிச்சு இறங்கினா ஊருக்குப் போயிரலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இந்த மலையின் தமிழ்நாட்டுப் பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குவது. இங்கே ஓடை என்றால் அடுத்தடுத்து அருவி. ஒரு பாறையில் வழுக்கி இறங்கிவிட்டு, அடுத்த பாறையில் இறங்கவும் முடியாமல், மேலே ஏறவும் முடியாமல் நிற்பீர்கள். தப்பான முகட்டில் இறங்கினால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேருவதும் உண்டு. அடிவாரத்துக் குரங்கணியில் நிற்கும் உங்கள் பேருந்து டாப் ஸ்டேஷனுக்கு வர வேண்டுமென்றால் போடிமெட்டு, மூணாறு என்று நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். அந்தக் காலத்தில் கண்ணன்தேவன் மலைத் தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறக்கியதே இந்தச் செங்குத்தை வேறு வழியில் சமாளிக்க முடியாததால்தான். பேருந்து ஓட்டுநருக்கு இரண்டு பக்க வழியும் சொல்லி வைத்திருங்கள்.

ஓடையில் தண்ணீர் ஏறுவது இன்னொரு ஆபத்து. கும்பக்கரையில் மேலே கொடைக்கானல் மலையில் பெய்த மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளமாக வந்து சேருவதைத் தேனிக்காரர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலையில் செருப்பு நனையாமல் தாண்டிய ஓடை மூன்று மணிக்கு இடுப்பளவு ஓடலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், குச்சியும் சருகும் அடித்து வந்தாலும், ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று குறைந்தாலும் கரையை விட்டு மேடேறுங்கள். குறைவது நல்லதென்று தோன்றும். மேலே மண் சரிந்து அடைத்துக்கொண்டிருக்கலாம், உடைத்துக்கொண்டு வரும். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எந்தப் பிள்ளையையும் இறக்காதீர்கள். மலை ஓடை ஏறுவதுபோலவே சில மணியில் வடியவும் செய்யும். இந்தக் கரையில் ராத்திரி முழுக்க உட்கார நேர்ந்தாலும் அது நல்ல முடிவு.

சாவைப் பற்றிப் பேசப் பிடிக்கவில்லை, ஆனாலும் இந்த மலையில் இரண்டை மறக்க முடியாது. 2018 மார்ச் 11-ல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற வந்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும், தன் வெக்கையால் முன்னால் இருக்கும் புல்லை உலர்த்திக்கொண்டே வரும். மனுஷன் ஏறி ஓடி அதை முந்த முடியாது. தீயைக் கண்டால் மேலே ஓடாமல் பக்கவாட்டில் விலகி, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்கோ போக வேண்டும். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 2018-லேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதியில்லாத பாதையில் போகவே கூடாது. வழக்கமாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று பாதைகளை மூடுகிறார்கள். எல்லை தாண்டினால் கேரள வனத்துறை அனுமதி தனி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து எங்கள் தோட்டத் தமிழர்கள் 70 பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துகிடந்ததால் விடியும்வரை வெளியே யாருக்கும் தெரியவில்லை. நாலு நாள் தொடர்மழைக்குப் பிறகு வெயில் அடிக்கிறதே என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சரிவில் ஏறாதீர்கள். மண் உள்ளே ஊறித்தான் இருக்கும்.

தொலைபேசி பற்றி. முகட்டில் கோபுரம் கிடைத்தாலும் அது தமிழ்நாட்டுக் கோபுரமா, கேரளக் கோபுரமா என்று சொல்ல முடியாது. 112-ஐக் கூப்பிட்டால் எந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்கும் போகலாம். அதனால் முதல் வாக்கியத்திலேயே மாவட்டத்தையும் பக்கத்து ஊரையும் சொல்லுங்கள், அப்புறம் எத்தனை பேர், என்ன அடி. நன்றாக மலையாளம் பேசும் ஒருவர் கூட இருந்தால் நல்லது. ஒரு கைபேசியை அணைத்து, உறைக்குள் போட்டு யாரும் தொடாமல் வையுங்கள். கீழே நம்பகமான ஒருவரிடம் பாதையும் பெயர்ப்பட்டியலும் கொடுத்து, "ஆறு மணிக்குள் என்னிடமிருந்து அழைப்பு வராவிட்டால் வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்" என்று நேரத்தோடு சொல்லிவிட்டுப் போங்கள்.

யானைக்காக ஒரு வார்த்தை. சின்னக்கானல் சுற்றுவட்டாரத்தில் யானை நடமாட்டம் நிரந்தரம். 2023 ஏப்ரலில் அங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, ஒரே மாதத்தில் கம்பம் ஊருக்குள் நடந்து வந்ததே நினைவிருக்கும். மஞ்சில் யானை இருபது அடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு நடக்கும் கூட்டத்துக்குக் கிளை ஒடியும் சத்தமே கேட்காது. வழிகாட்டி கையைத் தூக்கினால் அத்தனை பேரும் அந்த இடத்தில் வாயை மூடி நிற்க வேண்டும். காரணம் கேட்பது அப்புறம்.

திரும்பச் சொல்லும்போது எப்படிச் சொல்வது என்பதையும் கேட்டிருந்தீர்கள். நின்று, எல்லோரையும் உட்கார வைத்து, தாளை எடுத்துப் படியுங்கள்: "12 மணி ஆனால் திரும்புவது என்று நாம் எழுதியிருக்கிறோம். மணி 12." மெதுவாக நடந்த பிள்ளையைக் காரணம் காட்டவே காட்டாதீர்கள், வாயால் வேண்டாம், கண்ணால்கூட வேண்டாம். அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதைச் சுமக்கும். திரும்பும் உரிமையை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாலு பெரியவர்களில் யார் ஒருவர் "திரும்பலாம்" என்றாலும் திரும்ப வேண்டும், மற்ற மூவரும் எதிர்வாதம் செய்யக் கூடாது. பிள்ளைகளில் யாருக்காவது பயமாக இருந்தால் உங்கள் காதில் வந்து சொல்ல ஒரு வழி வையுங்கள். எங்கள் கழகத்தில் "சார், தண்ணி தீர்ந்துருச்சு" என்பது அதற்கான சொல். பாட்டில் நிறைய தண்ணீரை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வந்த பையன்கள் உண்டு. ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

அந்த நவம்பருக்குப் பிறகு உச்சிக்குப் போகாமல் ஏழு முறை திரும்பியிருக்கிறேன். ஒருமுறை உச்சிக்குக் கால் மணி நேரம் இருந்தது. பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இறங்கினார்கள். கீழே எஸ்டேட் கடையில் கட்டன்சாயாவும் சூடான பருப்புவடையும் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரச் சேட்டன் வெளியே எட்டிப் பார்த்து, "மேலே பொத்துக்கிட்டு ஊத்துது" என்றார். யாரும் பேசவில்லை. இரண்டாவது வடை வந்த பிறகுதான் ஒருவன், "அடுத்த மாசம் வரலாமா சார்?" என்றான். ஜனவரியில் அதே பிள்ளைகளோடு போனோம். அன்று உச்சியிலிருந்து கிழக்கே பார்த்தால் போடி ஊரே தெரிந்தது, எங்கள் பள்ளி எங்கே இருக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன் டீச்சர். முடிந்தால் அக்டோபரை விட்டுவிட்டு, பொங்கல் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் முழுசாகக் காய்ந்திருக்காது, தீக்காலமும் வந்திருக்காது. விடியற்காலையில் குளிர் அதிகம் இருக்கும், அதற்கு ஸ்வெட்டர் போதும். தலைமையாசிரியர் அக்டோபர்தான் என்றால், 12 மணி என்பதைப் பதினொன்றாக்கி எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் 28 பேரையும் மறுநாள் போடப்போகும் காலணியோடு மைதானத்துக்கு வரச்சொல்லி, ஒவ்வொன்றின் அடியையும் நீங்களே திருப்பிப் பாருங்கள். தேய்ந்துபோன அடி எப்படியும் நாலைந்து இருக்கும். சாயங்காலம் கடை மூடுவதற்குள் மாற்ற நேரம் கிடைக்கும்.